மடத்து பீருக்கு நாலு நாக்கு

தாழங்கேணியில் ஒரு பொருள் நல்லதா கெட்டதா என்று யாருக்காவது சந்தேகம் வந்துவிட்டால், அதை ஊர் ரசனைக் கழகத்திடம் கொண்டுபோவார்கள். அதற்குப் பிறகு சந்தேகம் இருக்காது. சில நேரம் பொருளும் இருக்காது.

கழகத்தில் நாலு பேர். தலைவர் தணிகாசலம், ஓய்வுபெற்ற நில அளவையர். எதையும் சங்கிலி போட்டு அளந்த பிறகுதான் நம்புவார். செயலாளர் கலிவரதன், நடப்பதையெல்லாம் நோட்டில் எழுதுபவர். நடக்காததையும் விட்டுவிட மாட்டார். புனிதவதி டீச்சர், முப்பது வருஷம் வீட்டில் இந்தி டியூஷன் எடுத்தவர். நாலாமவர் இருசப்பன், உறுப்பினர். கழகம் என்றால் ஓர் உறுப்பினராவது இருக்க வேண்டும் என்று யாரோ சொன்னதால் அவரைச் சேர்த்திருந்தார்கள்.

போன தை மாதம் கோலப் போட்டிக்கு இவர்கள்தான் நடுவர்கள். "கோலத்தை மிதிக்காமல் பார்வையிடவும்" என்று நோட்டீஸில் இருந்தது. மிதித்துவிடக் கூடாது என்பதில் நால்வரும் அவ்வளவு கவனம். அடுத்த தெருவிலேயே நின்று பார்வையிட்டு, அங்கிருந்தபடியே முதல் பரிசையும் அறிவித்துவிட்டார்கள். பரிசு, கோலமே போடாத ஒரு வீட்டுக்குப் போனது. அந்த வீட்டம்மாள் பரிசு வாங்கும்போது, "அடுத்த வருஷம் இதைவிட நல்லா பண்றேன்" என்று சொன்னாள்.

இப்படிப்பட்டவர்களிடம் அமலோர் ஏன் போனான் என்று நீங்கள் கேட்கலாம். அவனுக்கு மூக்கு இல்லை.

இருந்தது, முகத்தில் இருந்தது. வேலைதான் செய்யவில்லை. பெல்ஜியத்தில் பதினேழு வருஷம் பீர் காய்ச்சியவன். நாற்பத்தெட்டு வயதில் ஊர் திரும்பி, அண்ணன் அருளப்பனின் பழைய ஐஸ் ஃபேக்டரியில் தொட்டிகளை இறக்கி, அந்த நாட்டு மடங்களில் சாமியார்கள் காய்ச்சுகிற மாதிரியே மூன்று வகை பீர் மாதிரிக்குக் கொஞ்சமாகக் காய்ச்சினான். எட்டு மாத வேலை. காய்ச்சி முடித்த வாரம் பார்த்து அவனுக்கே காய்ச்சல் வந்தது. போகும்போது அது வாசனையையும் ருசியையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது. டீசலையும் பீரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எதில் நுரை இருக்கிறது என்று பார்த்துத்தான் அவன் சொல்ல வேண்டியிருந்தது.

பெங்களூரில் ஒரு பீர் போட்டி. ஓர் ஆலைக்கு ஒரே ஒரு பீர், நாலு பாட்டில் அனுப்பலாம். பரிசு வந்தால் ஆலை தொடரும். வராவிட்டால் தொட்டிகள் வெளியே, ஐஸ் உள்ளே. அருளப்பன் இதைக் கோபமாகச் சொல்லவில்லை. "ஐஸ் போட மூக்கு வேணாம்டா" என்று ஆறுதலாகத்தான் சொன்னார்.

மூன்றில் எதை அனுப்புவது? ஆலையில் வேலை செய்கிறவர்களிடம் கொடுத்தான். முதலாவது "சூப்பர் சார்". இரண்டாவது "சூப்பர் சார்". மூன்றாவதும் அதுவே. சந்தேகப்பட்டு நாலாவதாகக் குழாய்த் தண்ணீரைக் கொடுத்தான். "இதுதான் சார் டாப்பு" என்றார்கள்.

அதனால்தான் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ரசனைக் கழகம் ஆலைக்குள் வந்தது. பெங்களூர் வண்டி சாயங்காலம் நாலு மணிக்கு.

உட்கார்ந்ததும் தலைவர் தொண்டையைச் செருமினார். "தம்பி, இது எந்த மடத்துச் சரக்கு? சைவ மடமா, வைணவ மடமா?"

"கிறிஸ்தவ மடம், தலைவரே. ஆனா மடத்துல காய்ச்சினது இல்லை. நான்தான் காய்ச்சினேன். மடத்துப் பாணி, அவ்வளவுதான்."

"பாணின்னா?"

அமலோர் வாயைத் திறப்பதற்குள் புனிதவதி டீச்சர் முந்திக்கொண்டார். "பானின்னா தண்ணி. இந்தியில."

'மடத்துத் தண்ணி' என்று கலிவரதன் நோட்டில் எழுதிக்கொண்டார்.

"நம்ம ஊர்லயும் இதைத் தண்ணின்னுதானே சொல்றோம்" என்றார் இருசப்பன். "இதைத் தெரிஞ்சுக்க இன்னாத்துக்கு பெல்ஜியம் போவணும்?"

அமலோர் அதைக் காதில் வாங்காத மாதிரி, மூன்று பீரின் பேரையும் சொன்னான். ஒன்று டபுள், ஒன்று டிரிபிள், ஒன்று குவாட்ருப்பிள். பேர் ஏற ஏற வீரியமும் ஏறும்.

"சிங்கிள்?" என்றார் தலைவர்.

"சிங்கிள் காய்ச்சலை."

"ஒண்ணாங் கிளாஸ் போகாம ரெண்டாங் கிளாஸ் எப்படிப்பா போகும்?" என்று டீச்சர் கவலைப்பட்டார். கலிவரதன் எழுதினார்: 'சிங்கிள் இன்று ஆஜராகவில்லை.'

ஒரு வாரம் உட்கார்ந்து அமலோர் நடுவர்களுக்காக ஒரு படிவம் தயார் செய்திருந்தான். பதினேழு வருஷம் ஒரு மொழியில் குடித்ததை இன்னொரு மொழியில் எழுதிவிட்டோம் என்று அவனுக்குக் கொஞ்சம் பெருமை. படிவத்தில் மூன்றே வரி. ஒன்று, 'பீரை ருசி பார்க்கவும்.' இரண்டு, 'என்ன ஞாபகம் வருகிறதோ அதை எழுதவும்.' மூன்று, 'எது எந்த பீர் என்பது யாருக்கும் தெரியக் கூடாது.' இதில் எந்த வரியிலும் குழப்பத்துக்கு இடமில்லை என்று அவன் நம்பினான். தாழங்கேணியைவிட்டு அவன் ரொம்ப நாள் வெளியே இருந்துவிட்டான்.

கோப்பைகளில் வெறும் ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் ஒட்டினான். எந்த நம்பர் எந்த பீர் என்று எழுதிய சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். ஒவ்வொரு வகையிலும் ஒரு பாட்டிலைத் திறந்து ஊற்றிக் கொடுத்துவிட்டு, தான் பக்கத்தில் நின்றால் கூச்சப்படுவார்கள் என்று தொட்டி கழுவப் போனான்.

அரை மணி கழித்து வந்து பார்த்தால், நால்வரும் கையைக் கட்டிக்கொண்டு கோப்பைகளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நுரையெல்லாம் அடங்கிவிட்டது. இரண்டாம் நம்பரில் ஓர் ஈ நீந்திக்கொண்டிருந்தது.

"எப்படி இருக்கு, தலைவரே?"

"பார்த்துக்கிட்டேதான் இருக்கோம் தம்பி. இன்னும் ஒண்ணும் தெரியலை."

"குடிச்சீங்களா?"

தணிகாசலம் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படிவத்தை எடுத்தார். "ருசி பார்க்கவும்னு போட்டிருக்கு. குடிக்கவும்னு எங்க போட்டிருக்கு? முப்பத்தாறு வருஷம் சர்க்கார்ல இருந்தவன் நான். பார்த்துட்டு வான்னு அனுப்பின நிலத்தை உழுதுட்டு வந்தா விடுவாங்களா?"

"எனக்கு மூணாவதுல லேசா தெரிஞ்ச மாதிரி இருந்தது" என்றார் டீச்சர். "கண்ணைச் சிமிட்டினேன், போயிடுச்சு."

"எனக்குப் போன மாசம்தான் கண் ஆபரேஷன்" என்றார் இருசப்பன். "முதல் கோப்பையில எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது."

"அப்ப அதுதான் டபுள்" என்றார் கலிவரதன். எழுதிக்கொள்ளவும் செய்தார்.

அமலோர் பேனாவை வாங்கி, 'ருசி பார்க்கவும்' என்பதை அடித்துவிட்டு, 'குடித்துப் பார்க்கவும்' என்று கொட்டை எழுத்தில் எழுதினான். ஒவ்வொரு வகையிலும் இன்னொரு பாட்டிலைத் திறந்தான். இனி மிச்சம் வகைக்கு நாலே நாலு. போட்டிக்கு வேண்டியது அவ்வளவுதான். இந்த முறை அங்கேயே நின்றான். நால்வரும் மூன்று கோப்பைகளையும் வரிசையாகக் குடித்து முடித்தார்கள். அவனுக்கு உயிர் வந்தது.

"குடிச்சாச்சு" என்றார் தணிகாசலம். "இப்ப பார்க்கணும். டார்ச் இருக்கா?"

டார்ச் எடுத்துவர இருசப்பன் போனார். போனவர் வர ரொம்ப நேரம் ஆனது. வந்ததும் அவர் வாயைத்தான் முதலில் திறக்கச் சொன்னார்கள். தலைவர் டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தார். டீச்சர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"ஏதாவது தெரியுதா?"

"தொண்டை வரைக்கும் நேர்கோடு. அதுக்கப்புறம் வளைவு. வளைவுக்கு அந்தப் பக்கம் நம்ம எல்லை இல்லை, டீச்சர்."

"ஆ" என்றார் இருசப்பன்.

"நீங்க பேசாதீங்க. ஆவி வந்து மறைக்குது."

கலிவரதன் எழுதினார்: 'மூன்று பீர்களும் ஒரே வழியாகச் சென்றன. திரும்பவில்லை.'

அமலோர் சுவரில் சாய்ந்துகொண்டான். "ஐயா, அம்மா, உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். பார்க்கவே வேணாம். அந்த வரியை மறந்துடுங்க. குடிச்சதும் என்ன ஞாபகம் வந்ததோ, அதை மட்டும் எழுதுங்க. போதும்."

பெல்ஜியத்தில் இந்தக் கேள்விக்கு அத்திப்பழம் என்று எழுதுவார்கள். கிராம்பு, ஆரஞ்சுத் தோல், மழையில் நனைந்த மரப்பீப்பாய் என்று எழுதுவார்கள். இங்கே கருப்பட்டி, பலாச்சுளை, சுக்கு என்று ஏதாவது வரும் என்று அவன் காத்திருந்தான். நால்வரும் ஆளுக்கொரு மூலைக்குப் போய், விட்டத்தைப் பார்த்தபடி எழுதினார்கள். ஒருவர் முகத்தில் புன்னகை வந்தது. ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இதுதான் நிஜமான சுவைஞர்களின் முகம் என்று அமலோர் மனசுக்குள் சொல்லிக்கொண்டான். பிறகு தாள்களை வாங்கிப் படித்தான்.

தணிகாசலம் எழுதியிருந்தார்: 'நம்பர் ஒன்று: வடக்குத் தோப்பை அளந்தபோது தொலைந்த என் இடது கால் செருப்பு. நம்பர் இரண்டு: அதே செருப்பு. நம்பர் மூன்று: செருப்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டது.'

புனிதவதி டீச்சர்: 'ஒன்று: மாடியில் மிளகாய் காயப் போட்டிருக்கிறேன். இரண்டு: வானம் மூட்டமாக இருந்தது. மூன்று: மிளகாயை நேற்றே எடுத்துவிட்டேன்.'

கலிவரதன்: 'ஒன்று: ஒன்றும் ஞாபகம் வரவில்லை. இரண்டு: ஏன் வரவில்லை என்று யோசித்தேன். மூன்று: யோசிக்கவில்லை.'

இருசப்பன்: 'ஒன்று: எங்க அக்கா வீட்டுக்காரர். இரண்டு: அக்காவும் அக்கா வீட்டுக்காரரும். மூன்று: அக்கா மட்டும்.'

அமலோர் முதலில் தாள்களைக் கசக்கப் போனான். பிறகு நிதானித்து இன்னொரு முறை படித்தான். செருப்பு கிடைத்திருந்தது. மிளகாய் நனையவில்லை. கலிவரதன் யோசிப்பதை நிறுத்தியிருந்தார். இருசப்பனின் அக்கா வீட்டுக்காரர் எழுந்து போயிருந்தார். எல்லாம் மூன்றாம் நம்பரில். பதினேழு வருஷத்தில் இவ்வளவு தெளிவான தீர்ப்பை அவன் எந்த நடுவரிடமும் வாங்கியதில்லை. சட்டைப் பையிலிருந்த சீட்டைப் பிரித்தான். மூன்று என்றால் டிரிபிள்.

"டிரிபிள்!" என்று கத்தினான். தலைவரைக் கட்டிப்பிடித்தான். மணி மூன்றே கால். நாலு டிரிபிள் பாட்டிலையும் பெட்டியில் கட்ட வேண்டும், அவ்வளவுதான். குளிர் அறைக்கு ஓடினான்.

உள்ளே பன்னிரண்டு பாட்டில்கள், அடியில் படிந்த வண்டல் கலங்காதபடி நிமிர்ந்து, பளபளவென்று நின்றன. பன்னிரண்டும் ஒரே மாதிரி கன்னங்கரேல் என்று இருந்தன. ஒன்றில்கூட லேபிள் இல்லை.

"லேபிள் எங்கே?" அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை.

"நான்தான் எடுத்தேன்" என்று இருசப்பன் பெருமையாக முன்னால் வந்தார். "டார்ச் எடுக்கப் போனப்ப. சுடுதண்ணி ஊத்தி, நகத்தால பக்குவமா உரிச்சேன். ஒண்ணுகூட கிழியலை பாருங்க." சீட்டுக்கட்டு மாதிரி அடுக்கிய ஈர லேபிள்களை நீட்டினார்.

"ஏங்க? ஏன்?"

"யாருக்கும் தெரியக் கூடாதுன்னு போட்டிருக்கீங்களே. எங்களுக்குத் தெரியலை, சரி. ஆனா பாட்டில்ல பேர் இருந்தா உங்களுக்குத் தெரிஞ்சிடுமே."

"எனக்குத் தெரியலாம்யா!"

தணிகாசலத்தின் முகம் வாடியது. "அதெப்படி தம்பி? யாருக்கும்னா அதுல நீங்க சேர்த்தி இல்லையா? ஊர் உலகத்துக்கு ஒரு சட்டம், உங்களுக்கு ஒரு சட்டமா?"

"வெளிநாடு போய்ட்டு வந்தாலே இப்படித்தான்" என்றார் டீச்சர், யாரையும் குறிப்பிடாமல்.

"வரிசையையாவது மாத்தாம வெச்சீங்களா?"

"வெப்பேனா?" என்றார் இருசப்பன். "வரிசையை வெச்சும் கண்டுபிடிச்சிடுவீங்களே. நல்லா கலைச்சுட்டேன்."

அமலோர் ஒரு பாட்டிலை வெயிலில் தூக்கிப் பிடித்தான். கறுப்புக் கண்ணாடி, உள்ளே இருப்பது பொன்னிறமா, அடர் பழுப்பா என்று துளிகூடத் தெரியவில்லை. திறந்தால் தெரியும். ஆனால் திறந்த பாட்டிலைப் போட்டியில் சேர்க்க மாட்டார்கள். சேர்க்கக்கூடிய பாட்டில் எதில் என்ன இருக்கிறது என்று தெரியாது. தெரிந்துகொண்டால் அதைச் சேர்க்க முடியாது. காய்ச்சியதெல்லாம் இந்தப் பாட்டில்களில்தான் இருந்தது, தொட்டிகள் காலி.

போட்டிக்காரர்களிடம் ஒரு நாள் கூடுதலாகக் கேட்டுப் பார்ப்பதுதான் ஒரே வழி. ஆலைக்குள் சிக்னல் கிடைக்காது. "எதையும் தொடாதீங்க" என்று சொல்ல வாயெடுத்தான். அதையும் இவர்கள் எப்படிப் புரிந்துகொள்வார்களோ என்று பயந்து, ஒன்றும் சொல்லாமல் வெளிக் கேட்டுக்கு ஓடினான். அதுதான் அன்றைக்கு அவன் செய்த பெரிய தவறு.

டிரிபிள் என்று பேரைப் பதியச் சொல்லிவிட்டு, அரை மணி நேரம் கெஞ்சினான். மறுமுனையில் ஒரு பெண் மிகவும் மரியாதையாக ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னாள்: "உங்க பீர் இன்னிக்கு நாலு மணி வண்டியில ஏறியாகணும் சார். ஏறலைன்னா பேரை எடுத்துடுவோம்."

நாலுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது அவன் தளர்ந்து திரும்பினான். மேசையில் நாலு கறுப்பு பாட்டில்கள் தனியாக, அழகாக வரிசையில் நின்றன. நாலிலும் டிரிபிள் லேபிள் நேராக, சுருக்கமில்லாமல் ஒட்டியிருந்தது.

அமலோர் லேபிளை விரலால் தடவிப் பார்த்தான். "எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"ரொம்பச் சுலபம் தம்பி" என்றார் தலைவர். "மூணாம் நம்பர்னா இருசப்பனுக்கு அக்கா மட்டும்தான் ஞாபகம் வருவாங்க. அக்கா வீட்டுக்காரர் வரமாட்டார். பன்னெண்டு பாட்டில்லயும் ஒவ்வொரு வாய் குடுத்தோம். வீட்டுக்காரர் வந்த பாட்டிலையெல்லாம் சாக்கடையில கொட்டிட்டோம். எட்டு பாட்டில்ல வந்தார், மனுஷன்."

"ஒவ்வொரு வாயா? அப்ப... திறந்தீங்களா?"

"திறக்காம எப்படிக் குடிக்கிறது?" என்றார் டீச்சர். இவ்வளவு படித்தவனுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று அவருக்கு இருந்தது.

அமலோர் ஒரு டிரிபிள் பாட்டிலைத் தூக்கினான். அது பஞ்சு மாதிரி வந்தது.

"இது காலி."

"பின்னே? மேல அக்கா இருந்து, அடியில வீட்டுக்காரர் இருந்தா? ஒரு பாட்டிலை நம்பி அனுப்ப முடியுமா? கடைசிச் சொட்டு வரைக்கும் சரிபார்த்துட்டோம். நாலும் சுத்தம். நான் எழுதிக் கையெழுத்தே போட்டிருக்கேன்" என்று கலிவரதன் நோட்டைக் காட்டினார்.

"என் பீர் எங்கேய்யா?"

மூன்று பேரும் இருசப்பனைக் காட்டினார்கள். அவர் நாற்காலியில் நிமிர்ந்து, இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, ஒரு பொறுப்போடு உட்கார்ந்திருந்தார்.

"ஒரு சொட்டு வீணாகலை" என்றார் தலைவர். "நாலு இடத்துல இருந்ததை ஒரே இடத்துல சேர்த்திருக்கோம், அவ்வளவுதான்."

வெளியே வண்டி ஹாரன் அடித்தது.

"போன்ல என்ன சொன்னாங்க?" என்று கேட்டார் கலிவரதன்.

அமலோர் எங்கேயோ பார்த்தபடி சொன்னான். "பீர் வண்டியில ஏறியாகணும்னாங்க."

"இதுக்கா இவ்ளோ நேரம் பேசினீங்க?" என்று இருசப்பன் எழுந்தார். "நான் ஏர்றேன்."

டீச்சர் ஒரு காலி பாட்டிலிலிருந்து லேபிளை உரித்து, இருசப்பனின் சட்டைப் பைக்கு மேல் ஒட்டி, உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்துவிட்டார். "அங்க போய் கண்டதையும் குடிக்காதீங்க. கலப்படம்னு சொல்லிடுவாங்க."

"பெங்களூர்ல குளிருமா, டீச்சர்?"

"குளிர்ந்தா உங்களுக்கு நல்லதுதானே."

வண்டிக்காரர் இருபது வருஷமாகச் சாமான் ஏற்றுகிறவர். சீட்டில் இருக்கிற பேர் சாமானில் இருந்தால் அவருக்குப் போதும். லேபிளைப் படித்தார், சீட்டைப் படித்தார், டிக் அடித்தார். "டிரிபிள். உருப்படி ஒண்ணு. உடையுற சாமானா?"

தணிகாசலம் சற்று யோசித்தார். "போன வருஷம் ஒரு தடவை கால் உடைஞ்சுது. இப்ப கட்டு பிரிச்சாச்சு."

"அப்ப ஏத்தலாம்" என்றார் வண்டிக்காரர்.

இருசப்பன் பின்பக்கம் ஏறி, அட்டைப்பெட்டிகளை ஒதுக்கி இடம் செய்துகொண்டு, துண்டைத் தலைக்கு வைத்து வசதியாகப் படுத்தார். கதவு சாத்தப்பட்டது. வண்டி கிளம்பியது. கழகத்தின் மீதி மூன்று பேரும் கைதட்டினார்கள்.

அமலோர் வாசற்படியில் உட்கார்ந்து தலையைக் கையில் தாங்கிக்கொண்டான். எட்டு மாதம். அவன் வாழ்நாளில் காய்ச்சியதிலேயே சிறந்த பீர் கடற்கரைச் சாலையில் போய்க்கொண்டிருந்தது. நாளைக் காலை அருளப்பன் ஐஸ் அச்சுகளைக் கொண்டுவந்து இறக்குவார். இதையெல்லாம் அவன் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தான்.

திடீரென்று யாரோ கிள்ளிய மாதிரி துள்ளி எழுந்தான். முகம் வெளுத்துப் போயிற்று. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்பு எகிற, வண்டிக்குப் பின்னால் ஓட ஆரம்பித்தான். வேகத்தடையில் வண்டி தயங்கிய நேரம் பார்த்து எட்டிப் பிடித்து, பின்கதவை இரண்டு கையாலும் பலங்கொண்ட மட்டும் அறைந்தான்.

"நிறுத்துங்க! நிறுத்துங்க! அவரைப் படுக்க விடாதீங்க! நிமிர்த்தி வெச்சுக் கொண்டுபோங்க, அடியில இருக்கிற வண்டல் கலங்கிடும்!"